படையினரும் தன்பால் விருப்பும்

இங்கிலாந்தில் ஆடவர் இருவர் மனமொத்துக் கூடுதல் 1967-இல் குற்றமன்று என்றாயிற்று. படைவீரர்க்கு மட்டும் அச்சலுகை இல்லை. 1994-இல் படையிலும் அது குற்றமாகாது என்றனர். ஆயினும் தன்பால் விருப்புடையோரைப் பணியிலிருந்து நீக்கும் வழக்கம் நிற்கவில்லை.

அவ்வாண்டிலேயே விமானப்படைத் தாதி ஜெனட் ஸ்மித், சார்ஜெண்ட் கிரேம் கிரேடி இருவரும் நீக்கப்பட்டனர். பணியில் குறை கூறுவார் எவருமிலர். உண்மையை அவர்கள் ஒப்புக்கொண்ட பின்னரும் படைக் காவலர் அவர்தம் அந்தரங்க வாழ்வைத் துருவித் துருவிக் கேட்டனர். எதற்கென்றுதான் விளங்கவில்லை!

அரசாங்கம் கூறிய காரணம் யாது? உடனுறையும் வீரர் வெறுப்பர். அதனால் படையின் கட்டுக்கோப்புக் குலையும் என்பதே. பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் கைவிடவே, வழக்கு ஸ்டிராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திற்குச் சென்றது. 1999 செப்டம்பர் 27-இல் தீர்ப்பு வந்தது. நிறவெறுப்பைக் காட்டி ஒருவரை விலக்குதல் எங்ஙனம் நியாயமாகாதோ, அங்ஙனமே இவ்வெறுப்பும் ஆகாது என்றது நீதிமன்றம். வெறுப்பவர் ஒருவர், வேலையிழப்பவர் மற்றொருவர் என்னும் விந்தை அதனோடு முடிந்தது.

2000 ஜனவரி 12-இல் தடை நீங்கிற்று. ஒழுக்க விதிகள் யாவர்க்கும் பொதுவாயின. முன்பு பறித்த பதக்கங்களைத் திருப்பித் தரும் ஏற்பாடு 2021-இல்தான் தொடங்கிற்று. பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது 2023 ஜூலை 19-இல்.