துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே

டிசம்பர் போயா தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் நல்லதண்ணிப் படிக்கட்டில் அதிகம் கேட்கும் பேச்சு: "நெஞ்சு படபடங்குது, கொஞ்சம் உட்காருவோம்!" 2,243 மீற்றர் சிவனொளிபாதமலை எந்த இதயத்தையும் சும்மா விடுவதில்லை. ஆனால் துடிக்கிற இதயத்தை நிறுத்தாமலே, அது அசையாத நொடித்துண்டாகப் பார்த்துப் படம் பிடிக்கும் ஒரு வித்தை உண்டு. இதய நாளங்களில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் கல்சியம் ஸ்கேன்தான் அது. எனக்கு அதன்மேல் ஒரு கிறுக்கு. வாங்க, கண்ணாடிக்குப் பின்னாலுள்ள அறைக்குள் எட்டிப் பார்ப்போம்!

வாசலிலேயே மலையக மக்களுக்கு ஓர் அடி: ஸ்கேனுக்கு முந்திய சில மணி நேரம் தேத்தண்ணி வேண்டாம் என்பார்கள். கஃபீன் துடிப்பை ஏற்றிவிடலாமாம். ஊருக்கே தேயிலை அனுப்புகிறவர்களிடம் சொல்கிற பேச்சா இது!

நெஞ்சில் ஈ.சீ.ஜி. வயர்களை ஒட்டுகிறார்கள். ஊசி இல்லை, மருந்து இல்லை. கட்டில் மெல்ல வளையத்துக்குள் நகர்கிறது. வளையத்தின் மூடிக்குள்ளே எக்ஸ்ரே குழாய் நொடிக்கு மூன்று சுற்றுக்குமேல் பறக்கிறது. அவ்வளவு வேகமும் போதாது! நாளத்தின் அகலமே சில மில்லிமீற்றர். வலப்பக்க நாளமோ ஆட்டத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும். கொழுந்து பறிக்கும் கையைப் படமெடுத்த சுற்றுலாக்காரருக்குத் தெரியும்: முகம் தெளிவாக விழும், விரல்கள் மட்டும் புகையாய்க் கலங்கும்.

கலங்கினால் என்ன குடி முழுகும் என்கிறீர்களா? கணக்கே புரளும். 1990இல் ஆர்தர் அகட்ஸ்டனும் கூட்டாளிகளும் வகுத்த முறையில் சுண்ணாம்புத் திட்டின் பரப்பை அதன் பிரகாசத்துக்குரிய எண்ணால் பெருக்குவார்கள். 5 சதுர மில்லிமீற்றர் திட்டின் உச்சப் பிரகாச அளவு 405 என்றால், 4ஆல் பெருக்கி 20. அசைவில் மங்கி 390 ஆனால் பெருக்கும் எண் 3, விடை 15. அதே ஆள், அதே நாளம்!

ஆகவே இயந்திரம் ஈ.சீ.ஜி. கோட்டையே பார்த்துக் காத்திருக்கிறது. கூர்முனை ஒன்று எழும். முந்திய துடிப்புகளை வைத்து அடுத்ததன் நேரத்தைக் கணிக்கும். இடைவெளியில் முக்கால் பங்கு கழிந்ததும், இதயம் நிரம்பித் தளர்ந்திருக்கும் வேளையில், கதிர் பாயும். "மூச்சைப் பிடிங்க!" சில நொடிதான். நடுவே ஒரு துடிப்பு தாளம் தப்பினால் கணிப்பும் தப்பும். கண்ணாடிக்கு இப்பக்கம் கோட்டைப் பார்ப்பவருக்கு அதுதான் திக்திக் நேரம்.

எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வேறு. ஆரம்பத்தில் துடிப்பு இடைவெளியின் 80 சதவீத இடத்தில்தான் எல்லோரும் சுட்டார்கள். துடிப்பு வேகமானால் சுருங்குவது அந்த ஓய்வுவேளைதான். 2001இல் கலிபோர்னியாவில் மத்தியூ புடாஃப் உள்ளிட்ட குழு, 40 சதவீதத்தையொட்டி, இதயம் சுருங்கி முடிக்கும் இடத்தில் எடுத்தால் இரண்டு ஸ்கேன்களின் எண்கள் நெருங்கி வருவதைக் காட்டியது. படபடக்கும் இதயத்திலும் ஒளிந்திருக்கும் ஓர் ஓய்வு!

மலையேறும்போது நெஞ்சு வலித்தால் இந்த ஸ்கேனைத் தேடி அலையாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு. இது வலி வருமுன் ஆபத்தை எடைபோடும் சோதனை. பூச்சியம் வந்தாலும் சுண்ணாம்பாகாத கொழுப்புப் படிவு இருக்கலாம்.

போகிற போக்கில் ஒரு கிசுகிசு: எண்ணுக்குப் பெயர் தந்த அகட்ஸ்டனை உலகம் அறிந்தது 2003இல் வந்த உணவுக்கட்டுப்பாட்டுப் புத்தகத்தால். முதல் இரண்டு வாரம் சோறு, பாண், சீனி எதுவும் கிடையாது. தேத்தண்ணியைப் பறித்தது போதாதென்று ரொட்டியிலும் கை வைத்துவிட்டார், மனுஷன்!