விவரம் போதுமா?

கணக்கு என்றால் விடை காண்பதே அதன் முடிவு என்பது நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். மேலாண்மைக் கல்வி பயில விரும்புவோர் எழுதும் ஜிமேட் பரீட்சையிலோ வேறொரு வகை வினா உண்டு. ஒரு கேள்வியும் அதன்கீழ் இரண்டு கூற்றுகளும் தரப்படும். மாணவன் விடையை உரைக்க வேண்டுவதில்லை. அதனை ஐயமின்றித் துணிவதற்கு முதற்கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தாற்றான் போதுமா, ஒவ்வொன்றும் தனித்தே போதுமா, இரண்டும் சேர்ந்தும் போதாவா என்பதையே கூறல் வேண்டும். 2023-ஆம் ஆண்டில் அப்பரீட்சை திருத்தியமைக்கப்பட்டபோது, இவ்வினாக்கள் கணிதப் பகுதியினின்று எடுக்கப்பட்டு, தரவுகளை ஆராயும் பகுதியிற் சேர்க்கப்பட்டன. இவை சோதிப்பது கணக்கிடும் விரைவையன்று. தீர்மானிக்கும் நிதானத்தையே ஆகும்.

இவற்றுள் மாணவரை மிகவும் மயக்குவன சமனின்மைகள். பெரிது, சிறிது என்பவற்றைக் காட்டும் >, < என்னும் குறிகள், தாமஸ் ஹாரியட் என்னும் ஆங்கிலக் கணிதப் புலவர் மறைந்து பத்தாண்டுகள் சென்றபின், 1631-இல் வெளியான அவர் நூலில் அச்சேறின. சமன்பாட்டின் இருபுறத்தையும் ஒரே எண்ணாற் பெருக்கினாற் சமன் கெடாது. சமனின்மையோ குறை எண்ணாற் பெருக்கப்படின் திசை மாறும். 5 > 3 என்பது உண்மை. இருபுறத்தையும் −1 ஆற் பெருக்கினால் −5 < −3 ஆகின்றது. ஆதலின், மிகையோ குறையோ என்று அறியப்படாத எண்ணாற் பெருக்குதலும் வகுத்தலும் ஆகா.

ஓர் உதாரணம் காண்போம். க/ப என்பது 1-ஐ விடப் பெரிதா? முதற்கூற்று: க > ப. இரண்டாவது: ப < 0.

கேள்வியின் இருபுறத்தையும் ப-ஆற் பெருக்கி, "க > ப என்பதுதானே கேள்வி? முதற்கூற்றே போதும்" என்பர் சிலர். க = 3, ப = 2 ஆயின் விடை "ஆம்"; க = 3, ப = −2 ஆயின் "அன்று". ஆகவே முதற்கூற்று போதாது. இரண்டாவது க-வைப் பற்றி ஒன்றும் உரைக்காமையின் அதுவும் தனித்துப் போதாது. இரண்டையும் சேர்த்தால், க > ப என்பதைக் குறை எண்ணாகிய ப-ஆல் வகுக்கலாம்; திசை மாறி க/ப < 1 ஆகும். விடை எப்பொழுதும் "அன்று" என்பதே. உறுதியான "அன்று" என்பதும் போதிய விடையே என்பதை மறத்தலாகாது.

மற்றொன்று: க > ப ஆகுமா? முதற்கூற்று: க-வின் வர்க்கம் ப-வின் வர்க்கத்தினும் பெரிது. இரண்டாவது: க > 0. தனித்தனியே இரண்டும் போதா. 3, 2 என்னும் எண்களுக்குப் பொருந்தும் முதற்கூற்று −3, 2 என்பவற்றிற்கும் பொருந்துமன்றோ? சேர்த்தாற் போதும். ப-வின் குறி தெரியாதே என்று கலங்க வேண்டா. ப மிகையாயின் க அதனினும் பெரிது; குறையாயினும் பூச்சியமாயினும் மிகை எண்ணாகிய க பெரிதென்பது வெளிப்படை.

ஐயம் எழுமிடத்து 2, 1/2, 0, −1/2, −2 என்னும் ஐந்தையும் இட்டுப் பார்த்தல் நன்று. வர்க்கம் எண்ணினும் பெரிது என்பது 2-க்கும் இரு குறை எண்களுக்கும் மெய். 1/2-க்கும் 0-க்கும் பொய். "ஆம்", "அன்று" என இரண்டும் வருமாயின் கூற்று போதாதெனத் தெளியலாம். ஐந்தும் ஒரே விடை தரினும் அது நிரூபணமாகாது. காரணங் காட்டியே துணிதல் வேண்டும்.

எண் என்றவுடன் மிகை முழு எண்ணையே நினைக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. சொல்லப்படாததைச் சொல்லப்பட்டதாகக் கொள்ளும் இப்பழக்கம் பரீட்சையில் மதிப்பெண்ணைக் குறைக்கும். வாழ்க்கையிலோ பிறர்மீது தவறான தீர்ப்பைச் சுமத்தும். மாணவ நண்பர்காள்! தீர்ப்புக்கு முன் விவரம் போதுமா என வினவும் வழக்கத்தை இக்கணக்குகளிலேயே பயில்வோமாக.