நம் வீட்டுப் பெண்ணின் நிறம்

ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருப்பவன் நான். சித்திரம் கற்பிப்பது என் வேலையன்று. ஆயினும் ஒரு நாள் சித்திர ஆசிரியர் வராமையால் அவருடைய வகுப்பு என் தலையில் விழுந்தது. நாற்பது குழந்தைகளை முக்கால் மணி நேரம் சும்மா உட்கார வைப்பது பிரம்மதேவனாலும் ஆகாத காரியம். "அவரவர் தாயாரின் படத்தை எழுதி வர்ணம் தீட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் அமர்ந்தேன்.

எங்களுடையது எல்லையோரத்து ஊர். குழந்தைகளில் சிலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், சிலர் தெலுங்கு, சிலர் கன்னடம். ஆனால் அன்று படம் எழுதுவதில் மட்டும் எல்லோரும் ஒரே பாஷை பேசினார்கள். எல்லோருடைய தாயாரும் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தார்கள்! நல்ல மாநிறமான ஒரு சிறுமியை அழைத்து, "உன் அம்மா இந்த நிறமா, கண்ணே?" என்று கேட்டேன். "இல்லை ஸார். ஆனால் ஸ்கின் கலர் என்றால் இதுதானே?" என்று கையிலிருந்த மெழுகுக் குச்சியைக் காட்டினாள். அந்தக் குச்சிக்குக் குழந்தைகள் வழங்கும் பெயர் அதுதான்.

மறுநாள் ஓவியர் இளையராஜாவின் படங்கள் சிலவற்றின் அச்சுப் பிரதிகளை எடுத்துக்கொண்டு அதே வகுப்புக்குப் போனேன். சங்கீத உலகில் புகழ்பெற்ற இளையராஜாவை நேயர்கள் நினைக்க வேண்டாம். இவர் அதே பெயர் கொண்ட சித்திரக்காரர். கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பல் கிராமத்தில் 1979-ஆம் வருஷம் பிறந்தவர். கும்பகோணத்திலும் பின்னர் சென்னையிலும் அரசாங்கக் கவின் கலைக் கல்லூரிகளில் பயின்றவர்.

சென்னைக் கல்லூரி 1850-ல் தோன்றிய பழைய ஸ்தாபனம். அதன் தலைவராயிருந்த கே. ஸி. எஸ். பணிக்கர், 1966-ல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை நிறுவினார். அவர் காலத்துக் கலைஞர்களில் பலர், கண்ணால் கண்ட உருவத்தை அப்படியே எழுதுவதை விட்டுக் கோட்டையும் குறியையும் தேடிப் போனார்கள். அது சிறந்த முயற்சியே. ஆயினும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த சாமானியத் தமிழனுக்கும் சித்திரத்துக்கும் நடுவே ஒரு மதில் எழும்பிவிட்டது. இளையராஜா அந்த மதிலைச் சுற்றிக்கொண்டு திண்ணைக்கே வந்து சேர்ந்தார்.

அவருடைய படங்களில் நாம் காண்பது என்ன? பழைய ஓட்டு வீடு. செதுக்கு வேலை செய்த மரக் கதவு. ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயில். அந்த வெயிலில் பாவாடை தாவணி உடுத்த ஒரு பெண். கருத்த மேனி. அந்தக் கருமையை வெறும் கறுப்பு மையால் அவர் அப்பிவிடவில்லை. செம்மண்ணும் தேனும் கலந்தாற்போல ஓரிடம். நிழலில் நீலம் பாய்ந்தாற்போல ஓரிடம். வெளிச்சம் பட்ட கன்ன மேட்டில் பொன் துலங்குவது ஓரிடம். புகைப்படம் என்றே எண்ணி ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். வாரப் பத்திரிகைகளில் அவர் சித்திரங்கள் வெளியானதால், கண்காட்சிச் சாலையை எட்டிப் பாராத குடும்பங்களும் அவரை அறிந்தன.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நம் வீடுகளின் சுவர்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்தது முதல் தேவியர்களின் படங்கள் வீடுதோறும் வந்தன. பின்னர் கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் எழுதிய காலண்டர் படங்கள் வந்தன. இருவரும் மகா கலைஞர்கள். ஆயினும் அந்தத் தேவியர் பெரும்பாலும் சிவந்த மேனியர். அழகென்றால் சிவப்பு என்ற எண்ணம் நம் நெஞ்சில் ஊறிப்போயிற்று. கல்யாண விளம்பரங்களில் இன்றும் அது ஒழியவில்லை. ராஜாஜி 1878-ல் பிறந்த தொரப்பள்ளி எங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. அவர் தலைமுறையார் அந்நியத் துணியை எரித்தார்கள். பெற்ற மகளின் நிறத்தைக் கண்டு பெருமூச்சு விடும் அந்நிய மோகத்தை நாம் இன்னும் எரித்தபாடில்லை.

குறை சொல்வோரும் உண்டு. "உள்ளதை உள்ளபடி எழுதுவதற்குப் புகைப்படம் போதாதா?" என்பது ஒரு கட்சி. ஹாலந்து தேசத்து வெர்மீரும் ஜன்னலோரத்தில் பால் வார்க்கும் பணிப்பெண்ணையே எழுதினார். அதில் உள்ளது பணிப்பெண் மட்டுமா? அவளிடம் அவர் காட்டிய மரியாதையும் அல்லவா இருக்கிறது! மற்றொரு குறை நியாயமானது. இளையராஜாவின் பெண்கள் பெரும்பாலும் பழைய வீட்டின் அமைதியில் இருப்பவர்கள். விடியற்காலை ஓசூர் வீதிகளில் கழுத்தில் அடையாள அட்டையுடன் ஆலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களை எழுதும் சித்திரக்காரர் இனித்தான் வரவேண்டும். சிப்காட் ஏற்பட்ட பிறகு வளர்ந்த இந்த ஊரில், கைப்பேசிப் பாகங்கள் செய்யும் ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் பலர் தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கிராமத்துப் பெண்கள். இளையராஜா எழுதிய அதே நிறத்தினர்.

அவரே அதை எழுதியிருக்கக் கூடும். ஆனால் காலம் விடவில்லை. 2021 ஜூன் மாதத் தொடக்கத்தில், கொரோனா இரண்டாவது முறை சீறி எழுந்தபோது, சென்னையில் காலமானார். நாற்பதைச் சற்றே கடந்த வயது. வெர்மீரும் நாற்பத்து மூன்றில் மறைந்தவர்தான். அந்த ஒற்றுமை நமக்கு ஆறுதல் தருவதாயில்லை.

வகுப்பில் நடந்ததைச் சொல்லவில்லையே. படத்தைக் கண்டதும் குழந்தைகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு முந்தின நாள் நான் விசாரித்த சிறுமி எழுந்து, "ஸார், இது எங்கள் அக்கா மாதிரியே இருக்கிறது. அக்கா நைட் ஷிப்ட் போகிறாள்" என்றாள். எழுந்தது முதல் அவள் முகத்தில் ஒரு சந்தேகம். அக்காவின் நிறத்தில் ஒரு படம் இருக்கலாமா என்ற சந்தேகம். "அழகாக இருக்கிறாளா?" என்று கேட்டேன். "ஆமாம் ஸார்" என்று மெதுவாகச் சொல்லி உட்கார்ந்தாள்.

அன்று மாலைக்குள் வகுப்பிலிருந்த பழுப்புக் குச்சிகள் எல்லாம் தேய்ந்துபோயின. பழுப்புக் குச்சி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடைத்தெருவில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.