உப்பும் உயிர்ப்பும்

‘கலம்’ என்னும் சொல் தமிழிற் பல பொருள் குறித்து வழங்கும். உண்ணும் பாத்திரம் கலம்; அணியும் நகை கலம்; நெல்லை அளக்கும் ஓர் அளவும் கலம்; கடலில் ஓடும் மரக்கலமும் கலமே. இவற்றுக்கெல்லாம் பிந்தி வந்த பொருளொன்றும் உண்டு. உயிர்களின் உடலை ஆக்கும் நுண்ணிய அலகினை நம் ஈழநாட்டுப் பாடநூலாசிரியர்கள் ‘கலம்’ என்றே வழங்கினர். தமிழகத்தார் அதனைச் ‘செல்’ என்பர். ‘உயிரணு’ என்றும் கூறுவர். மொழியாசிரியனாகிய எனக்கு நம்மவர் ஆண்ட சொல்லே மிகவும் உவப்பானது. மரக்கலம் கடலில் மிதக்கவேண்டும். ஆனாற் கடல் கலத்தினுட் புகுதல் ஆகாது. உயிர்க்கலத்தின் நிலையும் இதுவேயாம்.

இதனை நேரிற் கண்டு கற்பதற்குக் கல்குடாவைப் போன்ற ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தல் அரிது. குடா என்பது நிலத்தினுள் வளைந்து புகுந்த கடல். கிழக்கே வங்கக்கடல், அண்மையிலே வாழைச்சேனைக் களப்பு. மாரி பொழிந்து வெள்ளம் பெருகுங்காற் களப்பு நீரின் உவர்ப்புக் குறையும். கோடை முற்றினால் அது கரிக்கும். இவ்விரு நிலைகளுக்கும் இடையே மீனும் நண்டும் மரமும் மனிதரும் வாழ்கின்றனர்.

இனி ஒரு கேள்வி. கடல்நீரில் ஒவ்வொரு கிலோகிராமிலும் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. கொடுவா மீன் அந்நீரிலே நெடுங்காலம் நீந்தித் திரிகின்றது. அதனைப் பிடித்துக் கறியாக்கும் பெண்ணோ சட்டியில் உப்பிடாமல் இறக்குவதில்லை. உப்பிலேயே வாழ்ந்த மீனின் தசை ஏன் கரிக்கவில்லை? அதே மீன் இறந்தபின், வாடியிலே உப்பிட்டு வைத்தாற் சில நாளிற் கருவாடாகி நாவைச் சுடுமளவு கரிக்கின்றதே, அது எவ்வாறு? மீன் ஒன்று, உப்பும் ஒன்று. இடையில் நீங்கியது உயிர் மாத்திரமே. இக்கேள்விக்கு விடை கண்டவர் கலத்தின் வாழ்வை ஓரளவு கண்டவராவர்.

ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்துள்ளது. அதன் தடிப்பு 7 அல்லது 8 நனோமீற்றர். 1,25,000 சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு மில்லிமீற்றர் உயரம் வரும். அது நெய்ப்பொருளாலான இரட்டைப் படை என்பதை 1925 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டவரான கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் அறிவித்தனர். எண்ணெயும் நீரும் கலவா என்பது அடுக்களை அறிந்த உண்மை. ஆகவே, நீரிற் கரைந்து மின்னேற்றம் பெற்ற உப்பின் துணிக்கைகள் இந்நெய்ச் சுவரை ஊடுருவ மாட்டா. அவற்றுக்குப் புரதத்தாலான வாயில்கள் வேண்டும். ஒட்சிசன் போன்ற சிறு வாயுக்களோ சுவரூடே தாமாகவே சென்று வரும்.

செல்லும் முறை இருவகைப்படும். முதலாவது, மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானே செல்லுதல். வீட்டின் ஒரு மூலையில் இட்ட சாம்பிராணியின் மணம் யாரும் ஏவாமலே வீடெங்கும் நிறைகின்றதன்றோ? அதற்குப் பரவல் என்று பெயர். நீர் ஒரு சவ்வின் வழியே உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கம் செல்லுதலைப் பிரசாரணம் என்பர். தமிழகத்தார் சவ்வூடு பரவல் என்பர். கருவாட்டில் நிகழ்வது இதுவே. மேலே தூவிய உப்பு மீனின் நீரை வெளியே இழுக்கின்றது. பின்னர் உப்பும் மெல்ல உள்ளே புகுகின்றது. மீனை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் தம் நீரை இழந்து செயலற்றுப் போகின்றன. நீர் விரைந்து செல்வதற்கெனவே பல கலங்களிற் சிறப்பான வாயில்கள் உண்டு என்பதை 1992 இற் பீற்றர் அகர் என்னும் அமெரிக்க அறிஞர் வெளிப்படுத்தி, 2003 இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். இத்தகைய செலவுகளுக்குக் கலம் ஆற்றல் எதனையும் கொடுப்பதில்லை. பள்ளத்துக்கு நீர் பாய்வது போல இவை நிகழும். செத்த மீனிலும் நிகழும்.

இரண்டாவது முறை மேட்டுக்குச் சுமப்பது. சங்கச் செய்யுள்களிலே உமணர் என்னும் உப்பு வாணிகரைக் காண்கின்றோம். நெய்தல் நிலத்து உப்பை வண்டியிலேற்றி, எருது பூட்டி, மேட்டு நிலம் நோக்கிச் சென்று, உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றவர்கள் அவர்கள். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்குச் சேம அச்சும் கொண்டு சென்றனர். நம் உடலின் கலங்கள்தோறும் இத்தகைய உமணர் உளர். சவ்விலே பதிந்த ஒரு புரதம் 3 சோடியத் துணிக்கைகளை வெளியே தள்ளி, 2 பொற்றாசியத் துணிக்கைகளை உள்ளே கொணர்கின்றது. வெளியே சோடியம் மிகுதி, உள்ளே பொற்றாசியம் மிகுதி. ஆதலின் இரண்டுமே மேட்டை நோக்கிய செலவாம். இப்பண்டமாற்றுக்கு ஒவ்வொரு முறையும் அடினோசின் முப்பொசுபேற்று என்னும் எரிபொருளில் ஓர் அலகு செலவாகும். நாம் சும்மா படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இவ்வொரு தொழிலுக்கே போகின்றது.

இப்புரதத்தைக் கண்டறிந்தவர் தென்மார்க்கு நாட்டு யென்சு இசுக்கோ. அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை கடற்கரை நண்டின் கால் நரம்புகள். 1957 இல் வெளிவந்த அவ்வாய்வுக்காக 1997 இல் அவருக்கு நோபெல் பரிசில் ஒரு பாதி கிடைத்தது. களப்போரத்தில் நண்டுகள் வளையைவிட்டு ஓடுவதை நாள்தோறும் காண்பவர்க்கு, இத்துணைப் பெரிய உண்மை அச்சிறு காலினுள் மறைந்து கிடந்தது என்பது வியப்பளிக்கும்.

இவ்விரு முறைகளையும் நம் பாடநூல்கள் உயிர்ப்பற்ற கடத்தல், உயிர்ப்பான கடத்தல் எனப் பெயரிட்டு வழங்குகின்றன. பழந்தமிழில் ‘உயிர்ப்பு’ என்றால் மூச்சு. நாம் உள்ளிழுக்கும் மூச்சின் ஒட்சிசனைக் கொண்டே கலம் தன் எரிபொருளின் பெரும்பகுதியை ஆக்குகின்றது. அவ்வெரிபொருளைக் கொண்டே மேட்டுக்குச் சுமக்கின்றது. ஆகவே, மூச்சை விலையாகக் கொடுத்து நிகழும் கடத்தலை ‘உயிர்ப்பான கடத்தல்’ என்றது எத்துணைப் பொருத்தம்! தமிழில் அறிவியல் சொல்ல இயலாது என்பார்க்கு இவ்வொரு சொல்லே விடையாகும். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகி, 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டமும் பெற்ற காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள், 1936 இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதும் இவ்வுறுதி பற்றியேயாம்.

இப்போது கொடுவாவின் மறைபொருள் விளங்கும். கடலிலே அதன் உடலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுசெய்ய அது கடல்நீரைப் பருகும். உடன் வந்த உப்பை அதன் செவுளிலுள்ள கலங்கள் ஆற்றல் செலவிட்டு வெளியேற்றும். மாரியில் நன்னீர் மிகுந்த களப்பினுள் வந்தால் தொழில் தலைகீழாகும். செவுள் அருகிய உப்பைத் தேடி உள்ளே வாங்கும். மூச்சு உள்ளவரை இந்தப் போர் ஓய்வதில்லை. ஓய்ந்தால் அது கருவாட்டுக்கு உரியது.

மரங்களும் இப்போரைச் செய்கின்றன. சங்கப் புலவர் நெய்தலுக்கு உரியதாகப் பாடிய கண்டல் இன்றும் களப்போரங்களிலே நிற்கின்றது. கடல்நீரின் பிரசாரண அழுக்கம் ஏறக்குறைய 25 வளிமண்டல அளவு. அதனை வென்று நீரை உறிஞ்சுவதற்கு வெயிலில் ஆவியாகும் இலைகள் மேலிருந்து இழுக்கின்றன; வேரின் சவ்வுகள் உப்பின் பெரும்பகுதியை வெளியே நிறுத்தி நீரை மாத்திரம் விடுகின்றன. வெண்கண்டல் என்னும் இனம், தப்பி உட்புகுந்த உப்பையும் இலையிலுள்ள சுரப்பிகளால் ஆற்றல் செலவிட்டு உமிழ்ந்துவிடும். அவ்விலையை நாவில் வைத்தாற் கரிக்கும். வெயிலில் உப்புப் பொடி மின்னுவதையும் காணலாம். கையளவு விறகுக்காக இம்மரத்தை வெட்டுவோர், எத்தகைய தொழிற்சாலையை வீழ்த்துகின்றோம் என்று ஒரு கணம் எண்ணுவாராக.

மனிதனுக்கு இவ்வாற்றல் அளவோடுதான் வாய்த்துள்ளது. நம் சிறுநீரகம் கடல்நீரினும் உப்பு மிக்க சிறுநீரை ஆக்க வல்லதன்று. ஆகையாற் கடல்நீரைக் குடித்தவன், அந்த உப்பை வெளியேற்றக் குடித்ததிலும் மிகுதியான நீரை இழந்து, தாகத்தால் மடிவான். 2004 திசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை கல்குடாவையும் அயலூர்களையும் அழித்தபோது கிணறுகளிலும் கடல்நீர் புகுந்தது. கிணற்றில் நீர் நிறைந்திருந்தும் பருக நீரில்லை என்னும் துயரை இக்கரை அன்று கண்டது.

எனினும், உப்பே உயிர் காக்கும் இடமும் உண்டு. வயிற்றோட்டம் கண்ட குழந்தை நீரோடு உப்பையும் இழக்கின்றது. வெறும் நீர் இழந்த உப்பை மீட்பதில்லை. ஆனால், குடற்கலங்களின் சவ்விலே ஒரு விந்தையான வாயில் உண்டு. ஒருவர் மாத்திரம் ஏறினாற் புறப்படாத ஓடம் போன்றது அது. 2 சோடியமும் 1 குளுக்கோசும் சேர்ந்து ஏறினாலே உள்ளே செல்லும். அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்லும். மறுபுறத்தில் நம் உமணர் சோடியத்தை ஓயாது வெளியேற்றி உள்ளே இடம் ஒழித்து வைப்பதாலேயே ஓடம் ஓடுகின்றது. இவ்வுண்மையை 1960 இற் பிராகு நகரிலே இராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். வாந்திபேதியிலும் இவ்வாயில் அடைபடுவதில்லை என்பதே மனிதகுலத்தின் நற்பேறு.

1971 இல் வங்கப் போருக்கு அஞ்சி எல்லை கடந்த ஏதிலியர் பொங்காவ் முகாமிலே வாந்திபேதியால் மடிந்தனர். நாளங்களில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்தபோது, திலீப் மகலனாபிசு என்னும் மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு, 4 இற்கும் குறைந்தது. முகாம் என்பது நம் கரையோர மக்களுக்கு அயலான சொல்லன்று. அதனால் இவ்வரலாறு நமக்கு நெருக்கமானது.

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தல் ஆகாது என்னும் எண்ணம் இன்றும் சில இல்லங்களில் உண்டு. அது பிள்ளையைக் கொல்லும் எண்ணம். மருந்தகத்திற் கிடைக்கும் ‘ஜீவனி’ப் பொடியைச் சொன்ன அளவு நீரிற் கரைத்துக் கொடுங்கள். அது கிட்டாவிடத்து, 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் 6 மட்டமான தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் பருக்குங்கள். உப்பை அளவுக்கு மேல் இடுதல் தீங்கு. பிள்ளை சோர்ந்தாலோ பருக மறுத்தாலோ தாமதியாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

எல்லாம் சமமாகிவிட்ட இடத்திற் பரவலுக்கும் வேலையில்லை, உயிருக்கும் வேலையில்லை. உள்ளும் புறமும் ஒன்றாகாதவாறு மூச்சுள்ளவரை உழைப்பதே கலத்தின் வாழ்வு. எதனை உள்ளே விடுவது, எதனை வெளியே நிறுத்துவது என்று அறிந்த வாயில் மெலிதாயினும் வலிது. ஒரு பிடி சீனி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு செம்பு நீர். இவற்றைச் சேர்க்கும் முறையை அறிந்த தாய் இருக்கும் வீட்டில் அவ்வாயில் பிள்ளைக்காகத் திறந்தே இருக்கும்.