மூன்றாவது கவளம்! உடம்பு இளைக்க எதை விடுவது?

எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி ஒன்று உண்டு. அந்தப் பசியின் கதை விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூரில் வழங்கி வருகிறது.

செஞ்சிக் கோட்டைச் சீமையில் உள்ள ஊர் மேல்மலையனூர். அங்காளபரமேசுவரி அம்மன் கோவில் கொண்ட தலம். அமாவாசை இரவில் நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்கு வெளியூர்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்து குவிகிறார்கள்.

கதை இதுதான்:

பிரம்மாவுக்கும் ஒரு காலத்தில் ஐந்து தலைகள் இருந்தனவாம். கர்வம் கொண்ட அந்த ஐந்தாவது தலையைச் சிவபெருமான் கிள்ளி எடுத்தார். கிள்ளிய தலை கபாலமாகி, அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. கபாலத்தை ஏந்திப் பிச்சை எடுத்து அலைந்தார் சிவன். அதில் விழுந்த சோற்றையெல்லாம் கபாலமே விழுங்கிவிட்டது. ஏந்தியவருக்கு ஒரு பருக்கையும் மிஞ்சவில்லை.

மலையனூரில் அம்மன் மூன்று கவளம் சோறு எடுத்தாள். இரண்டு கவளங்களைக் கபாலத்தில் இட்டாள். மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்கியது. விசுவரூபம் எடுத்த அம்மன் அதைக் காலால் மிதித்து அடக்கினாள்.

மகா சிவராத்திரிக்கு மறுநாள் நடக்கும் மயானக் கொள்ளையில் தானியங்களையும், காய்கறிகளையும், காசுகளையும் பக்தர்கள் சூறை விடுவது இந்தக் கதையை ஒட்டித்தான்.

கபாலத்தை அம்மன் அடக்கிவிட்டாள். மனிதனின் நாக்கை யார் அடக்குவது?

கூழ் போன வழி

செஞ்சிச் சீமை மழையை நம்பிய மானாவாரிப் பூமி. கம்பும், கேழ்வரகும், சாமையும் விளைந்தன. பொழுது விடிந்தால் கூழ். நெல்லுச் சோறு என்பது பண்டிகைக்கும் விருந்துக்கும்தான்.

இன்று நிலைமை தலைகீழ். மூன்று வேளையும் அரிசி. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, இரவில் தோசை. கூழைப் பார்க்க ஆடி மாதம் அம்மனுக்கு வார்க்கும் நாள் வரவேண்டியிருக்கிறது.

அரிசி எளிதில் வந்துவிடவில்லை. 1965-ல் நாட்டில் உணவுப் பஞ்சம். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடும்படி பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டார். 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற வாக்குறுதி தமிழகத்தையே உலுக்கியது. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது.

பசி தீர்ந்தது பெரிய காரியம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கலப்பை பிடித்தவன் உண்ட அளவையே, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனும் உண்கிறான். வினை அங்கேதான்.

அன்று இல்லாமையால் ஒரு வேளையை விடச் சொன்னார்கள். இன்று மிகுதியால் விடச் சொல்கிறார்கள் டாக்டர்கள்!

பத்தில் நான்கு பேர்

2015-16-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அதிக எடை உள்ளவர்கள். 2019-21 கணக்கில் அது 40 ஆக ஏறிவிட்டது. ஆண்களில் 28 ஆக இருந்தது 37 ஆயிற்று.

எடையைவிட இடுப்பைப் பாருங்கள் என்கிறார்கள் டாக்டர்கள். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் போனால் ஆபத்து. வயிற்றில் சேரும் கொழுப்புதான் சர்க்கரை வியாதிக்கும் இருதய நோய்க்கும் வழி திறந்து விடுகிறது.

சவப்பெட்டிக்காரரின் கடிதம்

உடம்பு இளைக்க உணவை விட்டவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. அவர் ராஜாவும் அல்ல, வைத்தியரும் அல்ல. லண்டனில் சவப்பெட்டி செய்து, இறுதி ஊர்வலம் நடத்தும் தொழில் செய்தவர். பெயர் வில்லியம் பாண்டிங்.

அவர் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். எடை 202 ராத்தல். குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார்.

1862-ல் வில்லியம் ஹார்வி என்ற டாக்டரின் யோசனைப்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விட்டார். சுமார் ஓர் ஆண்டில் 46 ராத்தல், அதாவது 21 கிலோ குறைந்தது. அந்த அனுபவத்தை 1863-ல் சிறு புத்தகமாக வெளியிட்டார். பிரதிகள் பறந்தன. பிறகு 81 வயது வரை வாழ்ந்தார்.

போன எடை திரும்புவது ஏன்?

பாண்டிங்குக்கு வாய்த்தது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ‘நாளை முதல் சோறே தொடமாட்டேன்’ என்று சபதம் செய்கிறவர் பலர். பத்து நாள் கழித்துப் பிரியாணிக் கடையில் அவரைப் பார்க்கலாம்.

இதை வெறும் மனவுறுதிக் குறைவு என்று சொல்வதற்கில்லை. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரில் பிரியா சுமித்ரன் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 50 பேரைப் பத்து வாரம் கடும் பத்தியத்தில் வைத்தார்கள். சராசரி 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஓர் ஆண்டுக்குப் பிறகு சோதித்தபோது, பசியைத் தூண்டும் சுரப்புகள் அவர்கள் உடம்பில் இன்னமும் உயர்ந்தே இருந்தன. 2011-ல் வெளியான முடிவு இது.

உடம்பு பத்தியத்தைப் பஞ்சம் என்று எண்ணிக்கொள்கிறது. இழந்ததை மீட்கப் பசியை ஏவி விடுகிறது. பட்டினி போட்டால் கபாலம் இறங்காது!

ஒருபொழுது இருப்பவர்களிலும் இந்த வேடிக்கை உண்டு. பகல் சோற்றை விட்டுவிட்டு, இரவில் பலகாரம் என்று எட்டு இட்லி சாப்பிட்டால் விரதம் யாருக்கு?

சென்னை சொன்ன கணக்கு

அப்படியானால் விடுவதால் பயனே இல்லையா? உண்டு என்று சென்னையில் நிரூபித்தார்கள்.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான யோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்குச் சர்க்கரையையும், தீட்டிய தானியத்தையும், கொழுப்பையும் குறைத்து நாள்தோறும் நடக்கும் பயிற்சி. மற்ற இரு பிரிவுகளில் மாத்திரையும் சோதிக்கப்பட்டது.

2006-ல் முடிவு வெளியாயிற்று. மூன்று ஆண்டில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை என்பதே இதில் விசேஷம். தராசு முள் அசையாவிட்டாலும், விட்டது வீண் போகவில்லை!

எதை விடுவது?

முதலில் சர்க்கரை. ஒரு கரண்டிச் சீனி 5 கிராம். இரண்டு கரண்டி போட்ட காப்பி நாளைக்கு நாலு தடவை என்றால் 40 கிராம் ஆயிற்று. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. கரண்டியை வாரத்துக்கு அரை அரையாகக் குறைத்தால் நாக்குக்கே தெரியாது.

அடுத்து எண்ணெய். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 தான். வடையும் பஜ்ஜியும் மாலைதோறும் வேண்டுமா என்று யோசிக்கலாம்.

பிறகு சோறு. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. குறையும் சோற்றின் இடத்தில் பயறு, முட்டை, மீன், கீரை ஏறவேண்டும். அப்போதுதான் பசி தாங்கும்.

கூழுக்கும் களிக்கும் திரும்பினால் போதும் என்று எண்ணுவதும் தவறு. கேழ்வரகில் நார்ச்சத்து அதிகம். கலோரியில் அரிசிக்கு அது அதிகம் தாழ்ந்ததல்ல. களியை இரண்டு உருண்டைக்குப் பதில் நாலு உருண்டை விழுங்கினால் உடம்பு இளைக்காது.

கர்ப்பிணிகளும், சர்க்கரை வியாதிக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையையும் விடக்கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும்.

அம்மன் செய்த தந்திரம்

மேல்மலையனூர்க் கதையை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். அம்மன் கபாலத்தைப் பட்டினி போடவில்லை. இரண்டு கவளம் கொடுத்தாள். மூன்றாவதைக் கபாலத்தில் இடவில்லை. அவ்வளவுதான்.

நம் வீட்டு இலையிலும் மூன்று கவளம் உண்டு. சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. சாம்பாரும் இருக்கட்டும், ரசமும் இருக்கட்டும். மோரை அப்படியே குடித்துவிட்டு எழுந்திருக்கலாம்.

சபதம் வேண்டாம். அந்த மூன்றாவது கவளத்தை விட்டால் போதும். அது இன்றைக்கு மட்டும் அல்ல. நாளைக்கும், நாளை மறுநாளும்!