வன்றட்டும் வேலியும்



நெடுந்தீவுக்கு வருவோர் கண்ணில் முதலிற் படுபவற்றுள் எமது கல்வேலிகளும் ஒன்று. சாந்து சேர்க்காது, முருகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி எழுப்பிய வேலிகள் அவை. வேலி கட்டுவோன் முதலிலே கல்லைத் தூக்குவதில்லை. கயிறு பிடித்து எல்லை பார்க்கின்றான். கிணறு எப்பக்கம், வழி எப்பக்கம், மகளுக்குச் சீதனமாய் விட வேண்டிய பங்கு எவ்வளவு என்று எண்ணிய பின்னரே கல் அடுக்குகின்றான். இன்று யான் பேசப் புகுவது காணியைப் பற்றியன்று; கணினியின் வன்றட்டைப் பற்றி. ஆயினும் இரண்டிற்கும் விதி ஒன்றே.

கலைப் பட்டதாரியாகிய யான் இப்பொருளைப் பேசத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அளித்துவந்த வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. புதியன வாங்க வசதியில்லாத பாடசாலைகளும் வீடுகளும் என் செய்வன? 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ், விலையின்றிக் கிடைப்பது. பழைய பொறிகளிலும் ஓடுவது. விண்டோசை அகற்றாமலே அதனை அருகில் அமர்த்தவும் இயலும். தமிழ்நாட்டு அரசு 2011 இல் மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோசும் பாஸ் லினக்சும் ஒரே வன்றட்டில் இருந்தன. ஆகவே இஃது அருஞ்செயல் அன்று. எண்ணிச் செய்ய வேண்டிய செயல்.

எண்ணாமற் செய்தால் நேர்வது யாது? சில ஆண்டுகளின் முன், எமது பாடசாலையின் பழைய கணினி ஒன்றில் லினக்சை நிறுவ யானே அமர்ந்தேன். திரையில் இரு வழிகள் தோன்றின. ஒன்று, இருப்பதற்கு அருகில் நிறுவுதல். மற்றையது, வன்றட்டு முழுவதையும் அழித்து நிறுவுதல். இரண்டாவதே எளிது எனக் கருதி அழுத்தினேன். இருபது நிமிடத்தில் வேலை நிறைவேறிற்று. மறுநாள் மாணவி ஒருத்தி வந்து, “சேர், கிழவர்களின் பேச்செல்லாம் அதிலேதான் இருந்தது” என்றாள். தீவின் முதியோர் பதினொருவரிடம் பிள்ளைகள் கேட்டுப் பதிந்த பழங்கதைகள் அவை. கைத்தொலைபேசியில் எஞ்சியவை நான்கு. ஏனைய எழுவருள் இருவர் அதற்குள் காலமாகிவிட்டனர்.

இனி, வன்றட்டு எவ்வாறு பங்கிடப்படுகின்றது என நோக்குவோம். தட்டின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை உண்டு. அது காணி உறுதி போன்றது; எப்பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பது அதில் எழுதப்பட்டுள்ளது. உறுதி அழிந்தாலும் நிலம் அழிவதில்லை. அவ்வாறே, அட்டவணை மட்டும் அழிந்து, அதன்மேல் வேறொன்றும் எழுதப்படாதிருப்பின், கோப்புகளை மீட்க இடமுண்டு. யான் செய்ததோ, அட்டவணையை அழித்ததோடு நில்லாது, அதன்மேற் புதிய முறைமையையும் எழுதியது. தவறு நேர்ந்ததை உணர்ந்த கணமே கணினியை நிறுத்துக. மேலும் ஓர் எழுத்தும் எழுதற்க.

அட்டவணை இரு வகைப்படும். எம்.பி.ஆர். எனப்படும் பழைய வகை நான்கு முதன்மைப் பங்குகளையே கொள்ளும். ஏறத்தாழ இரண்டு தெராபைற்றுக்கு மேற்பட்ட இடத்தை அது அறியாது. ஜி.பி.டி. எனப்படும் புதிய வகை வழமையாக 128 பங்குகள் வரை கொள்ளும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் நான்கு பங்குகளும் முன்னரே நிரம்பியிருக்கும். அப்பொழுது வெற்றிடம் இருந்தும் “பயன்படுத்த இயலாது” என்று லினக்ஸ் கூறும். பழுது தட்டில் இல்லை. உறுதியில் எழுத இடம் இல்லை என்பதே பொருள்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். 500 ஜிகாபைற் என விற்கப்படும் தட்டினை விண்டோஸ் 465 எனவே காட்டும். விற்போர் ஆயிரத்தின் மடங்காகவும், விண்டோஸ் 1024 இன் மடங்காகவும் எண்ணுவதே காரணம், எவரும் திருடவில்லை. இதில் விண்டோசுக்கு 200 விடுக. லினக்சின் வேர்ப் பங்கிற்கு 40 போதும். உபுண்டு கேட்பது குறைந்தது 25. நினைவகத்திற்குத் துணையாகும் இடமாற்றுப் பங்கிற்கு 8 தருக. எஞ்சிய ஏறத்தாழ 215 அளவினை, பிள்ளைகளின் கோப்புகள் தங்கும் இல்லப் பங்காக்குக. இல்லம் தனியே இருப்பின், பின்னொரு நாள் வேரினை அழித்துப் புதிதாக நிறுவினும், இல்லப் பங்கினை அழிக்குமாறு பணிக்காதவரை கோப்புகள் தப்பும். கணினியைத் தொடக்கிவைக்கும் சிறு பங்கு ஒன்று முன்னரே இருக்கும், அதனைத் தொடற்க.

செயலில் இறங்குமுன் செய்ய வேண்டுவன நான்கு. முதலாவது, கோப்புகளை வேறொரு தட்டில் நகலெடுத்து, அந்நகல் திறக்கின்றதா எனப் பார்த்தல். இரண்டாவது, விண்டோஸின் “விரைவுத் தொடக்கம்” என்னும் வசதியை நிறுத்துதல். அன்றேல் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் இருக்க, லினக்ஸ் அப்பங்கில் எழுத இயலாது போகும். தட்டு பூட்டப்பட்டிருப்பின் அதன் மீட்புத் திறவெண்ணைத் தாளில் எழுதிக்கொள்க. மூன்றாவது, விண்டோஸ் பங்கினை விண்டோஸின் கருவியைக்கொண்டே சுருக்குதல். நான்காவது, மின்சாரத்தைப் பார்த்தல். டீசல் மின்பிறப்பாக்கிகளையே நெடுங்காலம் நம்பியிருந்த எம்போன்றோர் இதனை மறத்தல் ஆகாது. பங்கு சுருங்கிக்கொண்டிருக்கும்போது மின் நின்றால், இரு பக்கமும் கெடக்கூடும். மடிக்கணினியாயின் மின்கலத்தை நிறைத்துக்கொள்க.

லினக்ஸ் கோப்பு சில ஜிகாபைற் அளவினது. யாழ்ப்பாணத்தில் இறக்கி, நினைவுக்கோலில் இட்டு, குறிகட்டுவானிலிருந்து படகேற்றிக் கொண்டுவருவதே எமக்கு இலகு. இறக்கியவுடன், வெளியிட்டோர் தந்துள்ள சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிடுக. எண் ஒவ்வாவிடின் கோப்பு சிதைந்தது. கடல் கடந்தபின் அதனை அறிவதிற் பயனில்லை.

இனி, இடர்களும் தீர்வுகளும். கணினி நினைவுக்கோலை நோக்காது விண்டோசுக்கே சென்றால், தொடக்க வரிசையை மாற்றுக. தட்டே தெரியவில்லையாயின், அது ரெயிட் முறையில் அமைக்கப்பட்டிருக்கலாம், அதனை ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் விண்டோசை அதற்கு முன்கூட்டி ஆயத்தஞ் செய்யாது மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. திரை கறுத்து நின்றால், தொடக்கப் பட்டியலில் “நோமோட்செட்” என்னும் சொல்லைச் சேர்த்து மீண்டும் முயல்க. வரைகலைப் பகுதியின் பிணக்குப் பெரும்பாலும் அதனால் தற்காலிகமாய் அடங்கும்.

நிறுவியபின் பட்டியலில் விண்டோஸ் காணப்படாவிடின் கலங்கற்க. பட்டியலைக் காட்டும் கிரப் என்னும் நிரல், 2021 இல் வந்த 2.06 ஆம் பதிப்பு முதல், பிற முறைமைகளைத் தேடும் வழக்கத்தைத் தானாகச் செய்வதில்லை. அதனை இயக்கிவிட்டாற் போதும். விண்டோஸ் புதிய யூ.ஈ.எஃப்.ஐ. முறையிலும் லினக்ஸ் பழைய முறையிலும் நிறுவப்பட்டிருப்பினும் இவ்விரண்டும் ஒரே பட்டியலில் சேரா. “கிரப் மீட்பு” என்னும் சொற்கள் மட்டும் தோன்றுமாயின், யாரோ ஒரு பங்கினை அழித்தோ நகர்த்தியோ இருத்தல் கூடும். நினைவுக்கோலிலிருந்து தொடங்கி, கிரப்பினை மீள நிறுவுக.

கடிகாரமும் ஒரு வேடிக்கை காட்டும். லினக்சிலிருந்து விண்டோசுக்கு வந்தால் மணி ஐந்தரை பின்தங்கி நிற்கும். லினக்ஸ் பொறியின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கின்றது; விண்டோஸ் அதனையே உள்ளூர் நேரமாகக் கொள்கின்றது. இலங்கையின் நேரம் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி முன் ஆதலின் வந்த வேறுபாடு அது. இரண்டில் ஒன்றை மற்றையதன் வழக்கத்திற்கு மாற்றிவிட்டால் தீரும்.

இவ்விடர்கள் யாவும் அரை நாளிற் களையத்தக்கவை. களைய இயலாதது ஒன்றே: நகலின்றி அழித்த கோப்பு. இன்று எமது பாடசாலையில், லினக்ஸ் நிறுவ முன்வரும் மாணவர் முதலில் ஒரு தாளில் தட்டினை வரைந்து, பங்குகளின் அளவையும் நகல் இருக்கும் இடத்தையும் எழுதி என்னிடம் காட்ட வேண்டும். அத்தாளில் ஒப்பமிடும்பொழுதெல்லாம் அவ்விரு முதியோரையும் நினைத்துக்கொள்கின்றேன். எஞ்சிய ஐவரிடம் பிள்ளைகள் மீண்டும் சென்று பதிந்து வந்தனர். அப்பதிவுகள் இப்பொழுது இரண்டு தட்டுகளில் உள்ளன. ஒன்று தீவிலும், மற்றையது யாழ்ப்பாணத்திலும்.