விளக்கு எரியாவிடின் செய்ய வேண்டியவை

கமக்காரர்களே! குருநகர் போன்ற கரையோர இடங்களில் உப்புக்காற்று செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பச்சைக் களிம்பு பிடித்த கம்பி முனைகள் சூடேறித் தீப்பற்றவுங் கூடும். ஆகையால் விளக்கு மினுங்குவதை அற்பமாகக் கருதலாகாது.

வீடு முழுவதும் இருண்டிருப்பின், அயல் வீடுகளில் மின்சாரம் உண்டா என முதலிற் பார்க்க. அங்கு உண்டாயின், உங்கள் டிரிப் சுவிச் விழுந்திருக்கலாம். ஒருமுறை மேலேற்றுக. மீண்டும் விழுமாயின் எங்கோ மின்கசிவு உண்டு. அதனைப் பலவந்தமாக நிறுத்தி வைத்தல் ஆகாது.

ஒரு விளக்கு மட்டும் எரியாவிடின், மெயின் சுவிச்சை அணைத்து, குமிழ் ஆறியபின் வேறொரு நல்ல குமிழை மாட்டிப் பார்க்க. சுவரிலுள்ள சுவிச்சை மட்டும் அணைத்தல் போதாது. அது தவறான கம்பியிற் பூட்டப்பட்டிருப்பின், விளக்கு அணைந்த பின்னரும் ஹோல்டரில் 230 வோல்ட் மின்சாரம் நிற்கும். இறைப்பு முடித்து ஈரக் காலுடன் வந்து அதைத் தொடுபவர் உயிரிழக்க நேரிடும். இறைப்பு இயந்திரக் கொட்டிலுக்கும் இது பொருந்தும்.

புதுக் குமிழும் எரியாவிடின், அல்லது ஹோல்டர் கருகியோ களிம்பேறியோ காணப்படின், அவ்விளக்கைப் பாவியாது விடுக. தேர்ச்சி பெற்ற மின்வேலையாளரை அழைத்துத் திருத்துவிக்க. பியூசில் தடித்த கம்பி இடுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

டிரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்துக. சுவிச் உடனே விழாவிடின் அது உங்களைக் காவாது; தாமதியாது மாற்றுவிக்க.